நடுவில் நின்ற கிரகம்

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். முழங்கால் வலி தவிர மற்றபடி நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒன்றரை வருஷமாகக் கடிதம் போடாதவன் இன்று போடுகிறான் என்றால் காரியம் இல்லாமலா என்று தோன்றும். தோன்றட்டும், காரியம்தான்.

எங்கள் பத்திரிகை ஆசிரியரம்மா கூப்பிட்டு, இருபது வருஷமாக நான் எழுதிவரும் புருஷன் பெண்டாட்டிச் சிரிப்புக் கட்டுரைக்கு இனி ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகவில்லையாம், எதைப் பார்த்துச் சிரிக்கும்? விண்வெளித் தொடர் வேண்டுமாம். பறக்கும் தட்டு, பச்சை மனிதன் எல்லாம் கூடாது. நிஜமாக நடக்கக்கூடியதாக இருக்கணும். இதை யாரிடம் கேட்கிறார்? கேஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற என்னிடம்.

அந்த மாதிரிப் புத்தகங்கள் பத்துப் பதினைந்து வாங்கினேன். கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. வில்லன் கிடையாது. சாமி வந்து காப்பாற்றுவது கிடையாது. ஒரு ஆள், ஒரு ஓட்டை, மிச்சக் காற்று இத்தனை லிட்டர். கணக்கைச் சரியாகப் போட்டால் பிழைப்பான். வீட்டிலோ ஆபீசிலோ யாராவது நமக்கு அப்படி ஒரு உத்தரவாதம் தந்ததுண்டா? ருசியே அதில்தான் இருக்கிறது.

என் கதையில் தூரத்து நிலா ஒன்றில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர். ஒருத்தனுக்கு நுரையீரலில் அடி. மற்றவன் அவனை மூச்சோடு வைத்திருக்கணும். நீங்களோ முப்பது வருஷம் ஏசி மெக்கானிக்காகக் கம்ப்ரஸரோடு குடும்பம் நடத்தியவர். கேட்க வாய் கூசுகிறது. புயலில் நாலு நாள் கரண்ட் இல்லாதபோது அக்காவின் ஆக்சிஜன் இயந்திரத்தை எப்படி ஓட்டினீர்கள்? வரிசையாக எழுதினால் போதும்.

வெட்கம் கெட்ட மைத்துனன்


மார்ச் 13

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நான்தான் அதன் இஷ்டத்துக்கு நடக்கப் பழகிவிட்டேன்.

நீ கேட்டது. அந்த இயந்திரம் அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாயில் தரும். கரண்ட் போனால் கத்தும். முதல் நாள் என் கார் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டினேன். ஒன்றரை மணி நேரம் வந்தது. பிறகு தெருவில் நாலு பேர் தங்கள் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பறந்துபோன கூரையைத் தேடப் போய்விட்டார்கள். ஒன்று இயந்திரத்தில் ஓடும்போது மற்றதைக் காரில் சார்ஜ் போடணும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றணும். மாற்றுகிற ஐந்து நிமிடத்துக்கு மட்டும் சின்னச் சிலிண்டர். வடிகட்டியைத் தினமும் கழுவிக் காயவைக்கணும். இதை மறக்காமல் எழுது, எல்லோரும் மறப்பது இதைத்தான்.

இரண்டாம் நாள் சாலையில் விழுந்த மரங்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அங்க போனா அந்த நர்ஸம்மா மறுபடி என்னை 'பாப்பா'ன்னு கூப்பிடும். நான் வரல" என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். சிரித்தால் இருமல் வரும் என்று உன் கட்டுரைகளை ஒளித்துவைத்திருந்தேன். கண்டுபிடித்துப் படித்தாள்.

நாலாம் நாள் மதியம் போய்விட்டாள். அது உனக்குத் தெரிந்ததுதான்.

அத்தான்


ஜூன் 20

அன்புள்ள அத்தானுக்கு,

தொடர் பிய்த்துக்கொண்டு போகிறது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே, "அவன் பொழைப்பானா மாட்டானா, சொல்லிட்டு வாங்கிட்டுப் போ" என்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வாராவாரம் லிட்டர் கணக்கைச் சரிபார்த்து மார்க் போட்டு அனுப்புகிறார். வடிகட்டி கழுவியதற்குப் பத்துக்குப் பத்து. பள்ளிக்கூடத்தில் நான் கண்ணால் காணாத மார்க்.

இரண்டு இடத்தில் மட்டும் என் கைச்சரக்கு. பூமியைக் கூப்பிட்டால் ஏன் பதில் வரவில்லை என்று ஆசிரியரம்மா கேட்டார். நடுவில் ஒரு கிரகம் வந்து மறைத்துக்கொண்டது என்று எழுதிவிட்டேன். அப்புறம், எல்லாம் ஒழுங்காகவே நடந்தால் யார் படிப்பார்கள்? போன வாரம் காவல் இருப்பவனைத் தூங்கவிட்டேன். உட்கார்ந்தபடியே, கையில் ஸ்பானரோடு. அலாரம் அடிக்கிறது, அவனுக்குக் கேட்கவில்லை. கடைசி நிமிடத்தில் ஸ்பானர் காலில் விழ, எழுந்து காப்பாற்றிவிடுகிறான். மூன்று பேர் அழுதுகொண்டே போன் செய்தார்கள்.

இதழ்களை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் தயவில் பிழைக்கும் மைத்துனன்


ஜூலை 2

மாப்பிள்ளைக்கு,

உனக்கு யார் சொன்னது?

நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. நாலாம் நாள் இரண்டு மணிக்குப் பேட்டரி மாற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்பானர் கையில்தான் இருந்தது. கண் விழித்தபோது நாலே கால். இயந்திரம் கத்திக் கத்தி ஓய்ந்திருந்தது. அவள் கை என் பக்கம் நீண்டு கட்டில் ஓரத்தில் கிடந்தது. எட்டவில்லை போலிருக்கிறது.

கணக்கைச் சரியாகப் போட்டால் பிழைக்கலாம் என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் போட்டேன். தூங்குகிற ஆளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உன் கதையில் ஸ்பானர் விழுகிறது. அந்தப் பக்கத்தை ஏழெட்டு முறை படித்தேன். என் கையிலிருந்து அது விழவேயில்லை. விழித்தபோதும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அந்தக் கிரகம் சரிதான். அன்று காலை உன்னை மூன்று தரம் கூப்பிட்டேன். நாலு மணி நேரம் நீ வந்து உட்கார்ந்தால் நான் கொஞ்சம் தூங்கிக்கொள்வேன் என்று கேட்கத்தான். உங்கள் பக்கம் டவர் விழுந்துவிட்டது என்று அப்புறம் சொன்னாய். அதற்கு நீ என்ன செய்வாய்? அதில் எனக்கு உன்மேல் ஒன்றும் இல்லை.

யார் சொன்னது என்று மட்டும் எழுது.

அத்தான்


ஜூலை 9

அத்தானுக்கு,

யாரும் சொல்லவில்லை. கதை சுவாரஸ்யமாக இருக்கட்டும் என்று நானாகக் கட்டிவிட்டது. அதை எழுதும்போது விசில் அடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை வேடிக்கையாக ஆரம்பிக்கப் பார்த்து மூன்று தாள் கிழித்தேன். பழக்கதோஷம்.

எங்கள் பக்கம் டவர் விழவில்லை. அன்று வங்கி ஊழியர் மன்றத்தில் எனக்கு நகைச்சுவைப் பேச்சு. மேசைமேல் போன் அதிர்ந்தது. 'அத்தான்' என்று தெரிந்தது. கவிழ்த்துவைத்தேன். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் அடித்தபோது மேடையை விட்டு இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மணி பதினொன்று. அப்போது கிளம்பியிருந்தால் ஒரு மணிக்கு வந்திருப்பேன். இந்த ஒரு கணக்கு மட்டும் எனக்குத் தப்பாமல் வருகிறது.

அதற்கு முந்தின மாதம் வந்தபோது அக்கா மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டேன். மறுபடி கேட்கப் பயம். அவ்வளவுதான், அத்தான். ஊரைச் சிரிக்கவைக்கிறவனுக்கு ஒரு அறையில் சும்மா உட்காரத் தைரியமில்லை. அங்கே என் கட்டுரையைப் படித்து அக்கா சிரித்திருக்கிறாள்.

நடுவில் எந்தக் கிரகமும் வரவில்லை. நான்தான் மறைந்துகொண்டேன். நீங்கள் தூங்கியது நான் வராததால். தொடரை நிறுத்திவிடச் சொல்லப்போகிறேன். பதில் போட வேண்டியதில்லை.

மைத்துனன்


ஆகஸ்ட் 24

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை மடித்து மடித்து, அது மடிப்பில் கிழிந்துவிட்டது. உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை.

தொடரை நிறுத்தாதே. அந்த இரண்டு பேரையும் பாதியில் விட்டுவிட்டுப் போகாதே.

அன்றிலிருந்து நான் படுத்துத் தூங்கியதில்லை. நாற்காலிதான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் உடம்பு தானாக எழுப்பிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வா. பேச வேண்டாம். ஜோக் கண்டிப்பாக வேண்டாம். அந்த நாற்காலியில் நாலு மணி நேரம் விழித்து உட்கார்ந்திரு. நான் கட்டிலில் படுக்கிறேன்.

அத்தான்