ஸ்பீக்கரில் போட்ட மாப்பிள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி சலவை அறையில் வேலைக்குக் குறைச்சலில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்ததற்குக் கோபப்படாதீர்கள். "மாப்பிள்ளை இங்கதாம்மா இருக்காரு, ஒரு வார்த்தை பேசிடு" என்று ஸ்பீக்கரில் போட்டீர்களே, அந்த ஒரு வார்த்தைகூடக் கூடாதென்றுதான் கோர்ட் எனக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்திருக்கிறது. நேரிலோ போனிலோ அடுத்தவர் மூலமாகவோ அந்த ஆள் என்னிடம் பேசக்கூடாது. அதற்கு உங்கள் மாப்பிள்ளை பதில் மனு போட்டிருக்கிறார். கை ஓங்கியதே இல்லையாம். நானே கதவில் இடித்துக்கொண்டேனாம். தினமும் ரத்தமும் சீழும் படிந்த துணியை உதறுகிறவள் நான், முகம் சுளித்ததில்லை. அந்த மனுவைப் படித்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

அதைவிடக் குமட்டியது, ஞாயிறன்று ஸ்பீக்கரில் அந்த ஆள் "கேஸை வாபஸ் வாங்கு" என்றபோது பின்னால் கேட்ட அம்மாவின் குரல்: "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாப்பிள்ளை, கூச்சப்படாதீங்க."

போகட்டும். என் பழுப்பு ஸ்வெட்டரையும் பழைய தலையணையையும் அனுப்புங்கள். இங்கே எந்தத் தலையணையிலும் தூக்கம் வரவில்லை. ஞாயிறுதோறும் கூப்பிடுங்கள், நீங்கள் மட்டும்.

பஸ் வரும் நேரம், முடிக்கிறேன். அந்த ஆள் பேசியதைச் சொன்னதும், "யாரு போன்ல இருந்து பேசினாரு?" என்று என் வக்கீலம்மா கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவைத்தேன். இனி ஒருமுறை இப்படி நடந்து அவர் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன், அப்பா.

உங்கள் மகள்