டாக்சிப் பணமும் என் கையெழுத்தும்

12-8-1974, திங்கள்.

லாரி மோதி நசுங்கிப்போன என் டாக்சிக்கு இன்று இன்சூரன்ஸ் பணம் தந்தார்கள். ரசீதில் என் பெயரை நானே எழுதினேன். போன மாதம்தான் எழுதக் கற்றேன். குமாஸ்தா பழைய பாலிசியை எடுத்துப் பார்த்தார்.

“இதுல கைநாட்டுல்ல இருக்கு, பெரியவரே? கையெழுத்து செல்லாது. கைநாட்டு வைங்க, செக் இப்பவே தரேன்.”

“இப்ப எழுதக் கத்துக்கினேன் சார்.”

“அப்ப அதிகாரிகிட்ட சான்று வாங்கினு வாங்க. ஒரு மாசம் ஆவும்.”

வேறு வண்டி வாங்கினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கைநாட்டு வைத்தேன். அவர் என் கையெழுத்தை அடித்துவிட்டார். மயிலாப்பூருக்கு நடந்தே வந்தேன். உடம்பெல்லாம் அசதி.

மனைவி செக்கை வாங்கிப் பார்த்து, “இதுல உன் பேரு எங்க கீது?” என்றாள். எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.

“இன்னொரு தபா படிய்யா” என்றாள்.

படித்தேன்.