ஆடுபுலிக்கு ஒரு அட்டவணை

மச்சான்,

மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். நேற்று அவளும் அவள் சிநேகிதியும் கூடத்தில் ஏதோ பலகை விளையாட்டு ஆடினார்கள். பக்கத்தில் லேப்டாப், அதில் கட்டம் கட்டமாய்க் கோடு போட்ட தாள். ஒவ்வொரு காய் நகர்ந்ததும் அதில் தட்டினாள். "இது இன்னாமா?" என்றேன். "ஸ்ப்ரெட்ஷீட்பா. எழுதிக்கினே ஆடறோம். எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றாள். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

குருவிநத்தத்தில் என் மோட்டார் கொட்டகை. அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நினைவுக்கு வந்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து அப்போதுதான் ரிட்டையர் ஆகியிருந்தீர்கள். மூன்று கல் என் புலிகள். பதினைந்து புளியங்கொட்டை உங்கள் ஆடுகள். ஒரு கொட்டையை வைப்பீர்கள், உடனே பென்சிலை எடுப்பீர்கள். நீங்களே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தாள்: எத்தனையாவது ஆடு, எந்த இடம், புலி எங்கே போனது, வெட்டு உண்டா. "இருங்க மாப்ள, இன்னா அவசரம், எழுதிக்கிறேன்." அங்கே மடை திறந்து கிடக்கும், எனக்கோ உடம்பெல்லாம் எரியும். போதாக்குறைக்கு ஜெயிப்பதும் நீங்கள்தான்.

அன்றைக்குக் கரும்பு வெட்ட வந்த ஆட்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். எனக்கு வீம்பு. தாளைப் பிடுங்கி இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டேன். "இது இன்னா ஆபீசா மச்சான்? பேப்பர் இல்லாம ஆடுங்க பாப்போம்!"

"பேப்பர் இல்லாம முடியாதுபா."

"பயமா இருக்கா?"

நீங்கள் கொட்டையைக் கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் கட்டத்தையே பார்த்தீர்கள். பிறகு என் புலியை எடுத்து நகர்த்தினீர்கள். ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். "கள்ளாட்டம் ஆடறாருடா எங்க மச்சான்!" என்று எல்லாரையும்விடச் சத்தமாய்க் கத்தியது நான். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் கண் மட்டும் என் இடுப்பில் செருகிய தாளையே பார்த்தது. பாவி, அதைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

வீட்டில் வேட்டி மாற்றும்போது தாள் விழுந்தது. ஓரத்தில் ஒடுக்கமாய் இன்னொரு பத்தி இருந்தது. ஒவ்வொரு வரியிலும், ஒன்றுவிடாமல், "நான் ஆடு" என்று எழுதியிருந்தீர்கள். தாளின் தலைப்பில் சின்ன எழுத்து: "எதிரே இருப்பவர் தங்கச்சி வீட்டுக்காரர். மாப்ள என்று கூப்பிட வேண்டும்."

உங்கள் தங்கச்சி வாங்கிப் படித்தாள். "எங்க அண்ணனுக்கு இன்னாங்க ஆச்சு?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தாளோடு ஓடி வந்தேன். "வேணாம், இனிமே ஆட்டம் வேணாம்" என்று சொல்லிவிட்டீர்கள். புதுச்சேரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினேன். இந்த மறதி நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை என்றார் டாக்டர். தாளைப் பிடுங்கியதால் வந்ததா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அந்த வார்த்தை என் மனசில் ஒட்டவே இல்லை. என் கோணல் எழுத்தில் பெரிய பெரிய தாளாய்க் கோடு போட்டு, வீட்டில் யார் யார், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் படித்தீர்கள். அதற்கப்புறம் கோட்டை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள். எரிந்துபோன மோட்டாரைக்கூடக் கழற்றி ஓடவைத்திருக்கிறேன் மச்சான். உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் முடியவில்லை.

கடைசியாக ஒரு நாள் காலையில், வெயில் காய்ந்துகொண்டிருந்தீர்கள். அதுவரை சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்கு பேப்பர புடுங்கனது தப்பு மச்சான். நாலு பேர் முன்னாடி சிரிச்சதும் தப்பு. என்ன மன்னிச்சிடுங்க."

ஆபீசுக்கு மனு கொண்டுவந்தவரைப் பார்ப்பதுபோல் மரியாதையாய்ப் பார்த்தீர்கள். "பரவால்ல சார்," என்றீர்கள். "உக்காருங்க."

யாரோ ஒரு சாரை மன்னித்துவிட்டீர்கள், மச்சான். உங்கள் மாப்ள இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.