படகு நேரம் சொல்லும் நிரல்

மேதாவிக்கு,

நார்வேயின் பெர்கன் நகரில் நடந்த கோடைக் கணினி வகுப்பின் கடைசி நாளில், நான் எழுதிய நிரலை உன்னுடையதென்று மேடையில் காட்டினாய். படகு நேரம் சொல்லும் அந்த நிரலில் நீ எழுதியது உன் பெயரை மட்டும்தான்.

"புயல்ல படகு ரத்தானா இது என்னப்பா பண்ணும்?" என்று ஆசிரியர் தோர்பியோர்ன் கேட்டார். நீ திருதிருவென விழித்து என்னைப் பார்த்தாய்.

"அடுத்த படகைக் காட்டும்," என்றேன். உன்னைக் காப்பாற்ற அல்ல. என் நிரல் ஊமையாக நிற்பது பொறுக்கவில்லை.

நேற்று, "கோச்சுக்கிட்டியா?" என்று இளித்தாய். கோபப்படுமளவுக்கு நீ ஆளில்லை.

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்து ஓஸ்லோவில் நடக்கும் போட்டி மேடையில் அந்த நிரலை நான்தான் காட்டப்போகிறேன். முன்வரிசையில் மட்டும் உட்காராதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பதில் மறந்துபோகும்.

இப்படிக்கு,
இத்தனை நாள் உன் பக்கத்து இருக்கையில் இருந்தவள்