கையுறைக்குள் இருக்கும் கை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் வலி மட்டும் வீட்டில் இன்னோர் ஆளாக வளைய வருகிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டிம்மா மூவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்டால் நீ சூப்பரா இருக்கோம்மா என்பாய், அதனால் கேட்கவில்லை.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். அவரைத் திட்டாதே, பொய் சொல்ல வராது என்பதைத் தவிர அந்த மனிதரிடம் வேறு குறையில்லை. குழந்தைக்கு வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியே பிறந்திருக்கின்றன, பிரித்துவிடலாம் என்று டாக்டர் கொடுத்த தேதியை நீ இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டாய், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாய் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஆகா, பிரமாதம். பெற்றவளிடமே ராணுவ ரகசியம். அதுவும் எப்பேர்ப்பட்டவளிடம்? ஸ்டுடியோவில் உட்கார்ந்து கல்யாணப் பெண்களின் பருக்களையும் மாப்பிள்ளைகளின் வழுக்கையையும் கம்ப்யூட்டரில் மறைத்துச் சம்பளம் வாங்குகிறவளிடம். நீ அனுப்பிய போட்டோ ஒன்று விடாமல் குழந்தைக்கு ஒரு கைதான், இன்னொரு கை கையுறைக்குள், இல்லையென்றால் போர்வைக்குள், அதுவும் இல்லையென்றால் கரடி பொம்மைக்குப் பின்னால். அந்தக் கரடியை இப்போது எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன், பேத்தியைத்தான் முழுசாகத் தெரியாது. கேட்டதற்குக் குளிரும்மா என்றாய். உங்கள் ஊர்க் குளிர் ஒரு கையை மட்டும் தேடி வந்து அடிக்கும் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

இதில் உச்சம் என்னவென்றால், உண்டாகியிருப்பது தெரியாமல் நீ ஒரு தலைவலி மாத்திரை போட்டாயாம், அதனால்தான் இப்படி ஆனதாம், நீயே நீதிபதி நீயே குற்றவாளி என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாயாம். உன் சித்தியிடம் விஷயத்தைச் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம், அவள் சற்றும் யோசிக்காமல் எல்லாம் அவ குடிச்ச ஐஸ் தண்ணியால வந்தது என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். உங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மருத்துவப் பட்டம் கொடுத்துவிடலாம்.

நான் படிக்காதவள், அதனால் படித்தவரைத் தேடிப் போனேன். உனக்கு அம்மை போட்டபோது பார்த்தாரே, அதே குழந்தை டாக்டர். மருத்துவமனை என்றாலே வயிறு சரியில்லை என்கிற உன் அப்பா, கூப்பிடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வயித்துக்குள்ள கை மொதல்ல துடுப்பு மாதிரி தட்டையாத்தாம்மா இருக்கும், விரலுக்கு நடுவுல இருக்கற செல்லுங்க வேலை முடிஞ்சதும் தானாவே செத்துப் போயிடும், அப்பத்தான் விரல் விரலாப் பிரியும், எப்ப சாகணும்கிற ஏற்பாடு அதுக்குள்ளேயே இருக்கு, உங்க பேத்திக்கு அந்த ஒரு இடத்துல மட்டும் அதுங்க கிளம்பலை, அவ்வளவுதான் என்றார். விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் எழுந்திருக்காமல் டிவி பார்க்கிற உன் சித்தி என் கண் முன்னால் வந்து போனாள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து தோல் உரிகிறதே என்று நீ கண்ணாடி முன்னால் ஒப்பாரி வைப்பாயே, அதுவும் இதே கதைதானாம், கெட்டுப்போன செல்கள் வம்புக்கு நிற்காமல் விலகிக்கொள்கின்றனவாம். கெட்டது போகாமல் நின்று பெருகினால் அது புற்றுநோயில் கொண்டு போய் விடலாமாம், இருக்க வேண்டியவை மூளையில் அவசரப்பட்டுப் போனால் ஞாபகமறதி நோயாம். சாவதற்குக் கூட நேரம் காலம் தெரிந்திருக்க வேண்டும் பார்.

குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா என்று டாக்டர் கேட்டார். எங்க பக்கமும் இல்லை அவங்க பக்கமும் இல்லை என்று நான் கம்பீரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா குனிந்து ஷூவைக் கழற்றினார். பிறகு சாக்ஸ். ஆமாம், தரை சில்லென்று இருக்கிறது என்று வீட்டுக்குள்ளும் கழற்றாமல் திரிவாரே, அதே சாக்ஸ்தான். இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டிக்கொண்டு இருந்தன. எனக்கு அந்தக் கால் புதிதில்லை. கல்யாணமான புதிதில், சின்ன வயசில் வெந்நீர் கொட்டிவிட்டது என்றார், நம்பினேன், அன்றிலிருந்து அவர் குளிக்கிற தண்ணீரை நானே தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். எப்பேர்ப்பட்ட ஏமாளியைக் கட்டியிருக்கிறார் பார். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, இது சுட்ட காயமே இல்லை, பொறவியிலேயே வந்தது, பெரும்பாலும் இதுதான் வழிவழியா வந்திருக்கும், உங்க பொண்ணுக்கு வெளிய தெரியாம பேத்திக்கு வந்திருக்கலாம், சோதனை பண்ணினா உறுதியாத் தெரியும், அந்த ஒரு மாத்திரையாலன்னு நினைச்சு அழ வேண்டியதே இல்லை என்றார்.

வழியெல்லாம் சண்டை போட நிறைய வைத்திருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர், நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தா புள்ளை தன்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்காதே என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குச் சண்டை வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் போனில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அவரை ரொம்பக் கேலி செய்துவிடாதே, கொஞ்சம் செய்.

ஆகவே நீதிபதி அம்மா வழக்கை முடித்துக்கொள்ளலாம். நீ ஒரு தப்பும் செய்யவில்லை கண்ணு, ஒன்றுகூட இல்லை. தேதியை இனித் தள்ளாதே, ரொம்பத் தாமதித்தால் ஒட்டின விரல்கள் ஒன்றையொன்று இழுத்து வளைந்துவிடக் கூடும் என்று இந்த டாக்டரும் சொன்னார். அன்றைக்கு நான் அங்கே இருப்பேன், ஸ்டுடியோவில் லீவு கேட்டாயிற்று, மணமகன்கள் எல்லாரும் கொஞ்ச நாள் வழுக்கையோடே இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, குழாயை மூடு, மாப்பிள்ளையிடம் பேசு.

மூன்று பேரும் நோய் நொடியின்றி நூறு வயது நிறைவாக இருங்கள் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஞாபகமாக ஒன்று. நான் வரும்வரை காத்திராமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே கையுறையைக் கழற்றி எனக்கு வீடியோவில் காட்டு. பிரித்த பிறகு எல்லாரும் பார்ப்பார்கள், அதற்கு எனக்கு அவசரமில்லை. இப்போது இருக்கிற இந்தக் கை இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும், உங்கள் இருவரைத் தவிர இதுவரை யாரும் அதைக் கொஞ்சவில்லை. அந்தக் கைக்கும் நான்தான் பாட்டி.

இப்படிக்கு,
உன் அம்மா