பதினோரு வருடக் கல்முகம்

மார்ச் 4

ஆய்வகத்தில் இன்று நான்கு குழந்தைகள். ஒன்று தூங்கிவிட்டது. ஒன்று திரையை நக்கியது. ஒன்று அம்மாவுக்கு நாங்கள் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது; அம்மாக்கள் கண்ஜாடையில் விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள் என்றுதான் கண்ணாடியே மாட்டுகிறோம். நான்காவதற்குப் பதினாறே மாதம். "நாய் எங்கே?" என்றதும் நாய்ப் படத்தில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் பதினோரு வருட வழக்கம்போல, "அப்படியா. அடுத்தது" என்றேன். சரியோ தப்போ, அதே முகம், அதே குரல். நான் சிரித்தால் குழந்தை என் முகத்தைப் படித்து விடை சொல்லிவிடும். புதிதாகச் சேருகிறவர்களிடம் பேராசிரியர் பேக் என்னைத்தான் காட்டுவார்: "ஹேரிம் மூஞ்சியப் பாத்துக் கத்துக்கோங்க. சுவரு தோத்துடும்."

வீட்டுக்கு வந்தேன். பேசும் மின்சாரக் குக்கர், "சோறு தயார். நல்லாக் கிளறி விடுங்க" என்றது. எங்கள் வீட்டில் தெளிவாகப் பேசுவது அது ஒன்றுதான். சாப்பாடு முடிந்ததும் மகள் போமிக்கு ஆறு பட அட்டைகள். ஆறையும் சரியாகத் தொட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. இருபத்திரண்டு மாதம் ஆகிறது. ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டவணையில் எழுதினேன்: வார்த்தைகள் 0.

"கை காயறதுக்குள்ள பரீட்சையா?" என்றார் குவான்ஹோ. இவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற கணவர். இவருக்கு அளவீடு என்றால் இளப்பம்.

மார்ச் 9

அண்ணி வந்தார். குவான்ஹோவின் அக்கா. ஒரு கையில் கிம்ச்சி டப்பா, மறு கையில் குத்தல்.

"ஊருக்கெல்லாம் பேச்சப் பத்திப் பாடம் எடுக்கற. வீட்ல ஒரு வார்த்த வரக் காணோமே."

"ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு வேகம், அண்ணி."

"எதத் தூக்குறாளோ அதுதான் எதிர்காலம்னு வச்ச மொத பொறந்தநாள் தட்டுல நூலு, பணம், பென்சில் எல்லாத்தையும் தள்ளிட்டு மைக்கத் தூக்குனாளே, அந்த மைக்குக்குக் கரண்டு எப்ப வரும்?"

குவான்ஹோ சிரித்துவிட்டார். துரோகி.

ஏப்ரல் 7 அன்று குழந்தைகள் மருத்துவமனையில் பரிசோதனை. படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 'அர்த்தத்தோடு சொல்லும் வார்த்தைகள் எத்தனை?' அந்தக் கேள்வியைத் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன். அதில் நானே பூஜ்யம் போட வேண்டும்.

மார்ச் 10

0.

மார்ச் 16

டாக்டர் அறிக்கைப்படி காது நன்றாக இருக்கிறதாம். தொண்டை, நாக்கு, எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அப்புறம் என்னடி கண்ணு? அம்மாகிட்ட பேசறதுக்கு என்ன கஷ்டம் உனக்கு? நான் என்ன தப்புப் பண்ணேன்?

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் அட்டை ஆறு. ஆறும் சரி. "அப்படியா. அடுத்தது."

மார்ச் 21

ஆய்வகத்திலிருந்து பதிவுச்சட்டை ஒன்றை எடுத்து வந்தேன். நெஞ்சுப் பையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி. காலை முதல் தூங்கும்வரை குழந்தையைச் சுற்றிக் கேட்கும் எல்லாவற்றையும் பிடித்துவிடும். நாளை சனிக்கிழமை, நான் நாள் முழுக்க ஆய்வகத்தில். போமி வீட்டில். சட்டையைப் போடச் சொன்னதும் குவான்ஹோ முகம் ஒரு மாதிரி ஆனது. "அவசியமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மார்ச் 23

கேட்டேன்.

காலை எட்டேகாலுக்குப் பொத்தான் அழுத்தும் சத்தம். குக்கர்: "மூடியைச் சரியாக மூடுங்க." அதற்கு ஒரு குட்டிக் குரல்: "மூடி. இல்ல." மறுபடி பொத்தான். "சமையல் ஆரம்பம்." "ஆம்பம்." பிறகு ஆவி சீறுகிறது. "புஸ்ஸு! சூடு!" கடைசியில் சோறு தயாரானதாக அறிவிப்பு வந்ததும் என் மகள் நிதானமாக, "சோறு. கெளறு. சரி" என்கிறாள். பெரிய மனுஷி மாதிரி 'சரி' வேறு.

நாள் முழுக்க மொத்தம் பதினாலு வார்த்தைகள். பதினாலும் குக்கரிடம்.

"எத்தன நாளாத் தெரியும்?" என்று கேட்டேன்.

குவான்ஹோ துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "மூணு வாரமா."

"மூணு வாரமா வாய மூடிட்டு இருந்தீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? உன் பொண்ணு பேசுறா, ஆனா குக்கரோடனு? நீ ஒடஞ்சு போயிடுவ. உன்கிட்டயே ஒரு வார்த்த சொல்லட்டும்னு காத்துட்டு இருந்தேன்."

என்ன கொடுமை இது. பத்து மாசம் சுமந்தவ நான். தவணையில வந்தது அந்தக் குக்கர்.

மார்ச் 24

கோபம் தணிந்து மறுபடி கேட்டேன். இந்தத் தடவை, ஆராய்ச்சிக்காரியாக.

குக்கர் என்ன பெரிதாகச் செய்துவிட்டது? அவள் பொத்தானை அழுத்தினால் அந்த நொடியே குரல் கொடுக்கிறது. ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. என் பக்கம் பார்த்தால் – வாத்தைச் சரியாகத் தொட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறாள், சுவர். பூனையைத் தொடுகிறாள், சுவர். வீட்டு அளவீடும் சுத்தமாக இருக்க வேண்டுமாம் எனக்கு. பதில் கிடைக்கிற இடத்தில்தான் குழந்தை பேசும் என்று முப்பத்தொரு பக்கம் கட்டுரை எழுதியவளே நான்தான். அதற்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். முட்டாள் முட்டாள்.

மார்ச் 25

கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகினேன். போமி பார்த்துவிட்டுக் குக்கரிடம் ஓடிவிட்டாள்.

மார்ச் 29

இன்று அட்டைகளை எடுக்கவில்லை. போமிதான் எடுத்து வந்தாள். என்னைத் தரையில் உட்காரவைக்கக் கையைப் பிடித்து இழுத்தாள், எதிரே சம்மணம் போட்டாள், ஒரு அட்டையைத் தூக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"வாத்து" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கண் அசையவில்லை.

"அப்பியா," என்றாள். "அடுத்து."

இரண்டாவது அட்டை. "பூனை" என்றேன். "அப்பியா. அடுத்து." அதே முகம், அச்சு அசலாக நான். எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு, அடக்க முடியாமல் தரையில் சாய்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. என்னிடம் அவள் முதலில் சொன்னது அம்மா இல்லை, இந்த இழவெடுத்த 'அடுத்தது'தான். போமி அட்டைகளைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது. "அப்பியா!" என்றாள் மறுபடி. நான் சிரித்தேன். "அடுத்து!" நான் சிரித்தேன். இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். குவான்ஹோ கையில் கரண்டியோடு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். சோறு தயார் என்று குக்கர் சொன்னது, ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

பரிசோதனை. எத்தனை வார்த்தைகள் என்ற இடத்தில் 43 என்று எழுதினேன். டாக்டர் எடை சொன்னார். போமி, "அப்பியா" என்றாள்.

அண்ணிக்கு போன் செய்தேன். "கரண்டு வந்துடுச்சு அண்ணி. இப்ப அணைக்கிற ஸ்விட்ச்தான் தெரியல."

ஏப்ரல் 15

ஆய்வகத்தில் பதினைந்து மாதப் பையன் ஒருவன். "முயல் எங்கே?" என்றேன். சரியாகத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

பேராசிரியர் பேக் பதிவேட்டை என்னிடம் தள்ளி, "நீங்களே எழுதுங்க" என்றார். எழுதினேன்: பதிவு 19, நீக்கம். காரணம்: சோதனை நடத்தியவர் சிரித்துக் கை தட்டிவிட்டார்.