தட்டில் பேசுகிறவர்

12 மார்ச் 1971
மதுரைக்குப் போய் வந்தாயிற்று. தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்த டாக்டர், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். உயிருக்குப் பயமில்லையாம்; பேச்சு மட்டும் வராதாம். ஊர் ஊராக நாடகத்தில் பபூன் வேஷம் கட்டி, வாய் ஒன்றை வைத்தே சோறு தின்றவனிடம் "பேச்சு மட்டும்" என்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் என் பெண்டாட்டி அம்மாக்கண்ணு. திருப்பத்தூர் தாண்டியதும் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

15 மார்ச்
முத்தப்பன் செட்டியார் அமராவதிபுதூர் வரைக்கும் தேடி வந்துவிட்டார். சென்னையில் இசைத்தட்டுக் கம்பெனி வைத்திருக்கிறார். சின்ன வயதில் என் நாடகம் ஒன்று விடாமல் பார்த்தவர்.

"அண்ணே, ஆபரேஷனுக்கு முந்தி ஒரு தட்டுப் பேசிருங்க. பாட்டு வேணாம், வெறும் பேச்சு. ஒரு பக்கம் ஜனங்க சிரிக்கட்டும். மறுபக்கம் ஒங்க மனசுல உள்ளதைப் பேசுங்க."

மனசில் உள்ளதா? அதை நான் எந்த மேடையில் பேசினேன்?

அம்மாக்கண்ணு உள்ளிருந்தே சத்தம் போட்டாள். "உசுரு பெருசா, தட்டு பெருசா? மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற வழியப் பாருங்க."

நான் தட்டுக்குச் சரி என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

2 ஏப்ரல், சென்னை
முதல் பக்கம் ஒரே மூச்சில் முடிந்தது. மாமியாருக்குப் பயந்து மாட்டுத்தொழுவத்தில் ஒளிந்த மாப்பிள்ளை கதை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் பக்கத்துக்கு எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தவள் அம்மாக்கண்ணு. கல்யாணமான புதிதில் தேவகோட்டைக்கு என் நாடகம் பார்க்க வந்தாள். அதுதான் முதலும் கடைசியும். கொட்டகையே சிரிக்கிறது, அவள் மட்டும் அழுகிறாள். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். "எல்லாரும்தான் சிரிக்கிறாக. ஒங்களுக்கு இரக்கப்பட ஒருத்தியாச்சும் வேணாமா?" என்றாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்தால் — சிரிக்கிறார்கள்! முத்தப்பனும்தான். அதற்கு மேலும் கொஞ்சம் பேசினேன். யார் கேட்டார்கள்?

பதிந்ததைப் போட்டுக் காட்டியபோதுதான் புரிந்தது. "ஒருத்தியாச்சும்" என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, குரலைக் கீச்சென்று ஏற்றியிருக்கிறேன். மேடையில் பெண்குரல் பேசுவேனே, அதே குரல். என் தொண்டைக்கு வேறு வழி தெரியவில்லை. மறுபடி பேசுகிறேன் என்று எழுந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"இதுவே நல்லா இருக்குண்ணே," என்றார் முத்தப்பன்.

3 ஏப்ரல்
தட்டில் பேசுகிற அந்தக் கிழவன் யார்? என் குரல் இப்படியா இருக்கும்?

20 ஏப்ரல், மதுரை
நாளைக்கு ஆபரேஷன். அம்மாக்கண்ணுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன்.

9 ஜூன்
வீட்டுக்கு வந்துவிட்டோம். கழுத்தில் துளை, அதன்மேல் துணி. சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினாள். யாருக்கு? அம்மாக்கண்ணுவுக்கு எழுத்துத் தெரியாது. பசி, தண்ணீர், வலி — இவ்வளவும் கையால் சொல்ல முடிகிறது. அதற்கு மேல்?

18 ஆகஸ்ட்
காரைக்குடி பஸ் நிலையத்து டீக்கடையில் என் குரல். மாப்பிள்ளை தொழுவத்தில் ஒளிந்துகொண்டிருந்தான். கடையே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னா ஆளுய்யா! பாவம், செத்துப் போயிட்டாராம்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

5 செப்டம்பர்
திருக்கோஷ்டியூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஒலிபெருக்கிக் குழாயில் இரண்டாம் பக்கத்தைப் போட்டுவிட்டார்கள். தடுக்க எனக்கு வாய் இல்லை. "ஒருத்தியாச்சும் வேணாமா?" — பந்தல் குலுங்கியது. பெண்கள் பந்தியில் யாரோ கையை நீட்டி, "இரக்கப்பட்ட மகராசி இந்தா இருக்கா!" என்றாள். அம்மாக்கண்ணு இலையை மூடிவிட்டு எழுந்தாள். சிரிப்புச் சத்தத்தில் தட்டு அதற்கு மேல் பேசியது எதுவும் யார் காதிலும் விழவில்லை.

வரும் வழியில் ஒரு தடவைதான் பேசினாள். "அது நம்ம வீட்டுக்குள்ள சொன்னதுல்ல? அதையுங் கூத்தாக்கிப்புட்டீகளே."

வேண்டுமென்று செய்யவில்லை, என் தொண்டை அப்படிப் பழகிவிட்டது — இதற்குக் கையால் என்ன காட்டுவது? கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "வலிக்குதா?" என்று தண்ணீர் வாங்கி வந்தாள்.

11 அக்டோபர்
சோறு வைக்கிறாள், கழுத்துத் துணி மாற்றுகிறாள். பேசுவதில்லை. என் குரல் மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது. குழாய்ச் சத்தம் கேட்டால் அவள் கதவைச் சாத்துகிறாள்.

21 நவம்பர்
மத்தியானம் கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பேச்சுக்குரல். ஒன்று அவளுடையது. இன்னொன்று என்னுடையது.

முத்தப்பன் அனுப்பிய ரெக்கார்டு பிளேயர், வந்த நாளிலிருந்து துணி போர்த்திக் கிடந்தது. அவளே எப்படியோ போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தரையில் அதன் எதிரே உட்கார்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுவீக, ஏஞ் சொல்லமாட்டீக? நான் அழுததச் சொல்லி ஊரச் சிரிக்க வச்சீகள்ல?"

தட்டு தன்பாட்டில் பேசியது. சிரிப்பதற்கு இங்கே யாரும் இல்லை. அதனால் அடுத்தது கேட்டது: "அன்னைக்கிருந்து எந்த மேடையில ஏறினாலும் கூட்டத்துல சிரிக்காத மூஞ்சி ஒண்ணு இருக்கான்னு தேடுவேன். ஒருநாளும் ஆப்புடல. வீட்டுக்கு வந்துதான் பார்ப்பேன்." அந்த இடத்தில் குரல் உடைந்து, வெறும் மூச்சாக இருந்தது.

அவள் சண்டையை விட்டுவிட்டாள். "ம்," என்றாள் தட்டைப் பார்த்து. கொஞ்சம் பொறுத்து, "அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. ஊசி கரகரவென்று தேய்ந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போய் அதை எடுத்து வைத்தேன். அவள் திடுக்கிடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இன்னொருக்கா வைங்க. பேசட்டும்," என்றாள்.

வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டில் அவர் பேச ஆரம்பித்தார்.